ஐம்பதுக்கு மேல் ஓட்டப் போட்டிக்குப் போகிறீர்களா? முதலில் மாத்திரை டப்பாவைத் திறந்து பாருங்கள்

மன்னார்குடிப் பக்கத்தில் உரமும் பூச்சிமருந்தும் விற்கும் கடை வைத்திருக்கிறேன். கல்லூரி நாளில் 800 மீட்டர் ஓடியவன். நடுவில் இருபத்தைந்து வருடம் கடை, கல்யாணம், கடன். நாற்பத்தொன்பதில் மறுபடி ஓட ஆரம்பித்து, ஐம்பதில் மூத்தோர் தடகளத்தில் பெயர் கொடுத்தேன். மாநிலப் போட்டிக்குப் போனவன், ஓடாமலே திரும்பி வந்தேன்.

காலில் அடியில்லை. பேர் கூப்பிடும் இடத்தில் உட்கார்ந்து பையில் இருந்த மாத்திரையை எடுத்தேன். பக்கத்தில் இருந்த நாகப்பட்டினத்துக்காரர் அட்டையை வாங்கிப் பார்த்தார். "அண்ணே, இதுல ஹெச் இருக்கே?" என்றார். பிரஷர் மாத்திரை பெயருக்குப் பின்னால் ஒற்றை எழுத்தாக ஹெச். அதற்கு ஹைட்ரோகுளோரோதயசைடு என்று அர்த்தம். சிறுநீரைக் கூட்டி உப்பை இறக்கும் மருந்து. ஊக்கமருந்துப் பட்டியலில் எல்லா நாளும் தடை செய்யப்பட்ட வகை. உடம்பில் இருக்கும் வேறு மருந்தை மறைக்க உதவும் என்பதால் தடை.

நாள் முழுக்கப் பூச்சிமருந்து லேபிளைப் படித்து, ஏக்கருக்கு எத்தனை மில்லி என்று ஊருக்கே சொல்கிறவன் நான். என் மாத்திரை அட்டையின் பின்பக்கத்தை ஆறு வருடமாகப் படித்ததில்லை. ஊக்கமருந்து என்றால் ஜிம்மில் போடும் ஊசி, நமக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றே இருந்துவிட்டேன். நம் வயதில் அது பெரும்பாலும் டாக்டர் சீட்டு வழியாகத்தான் வருகிறது. அதனால் வரிசையைத் தலைகீழாக்கிச் சொல்கிறேன். ஷூ, டிராக், பயிற்சி எல்லாம் அப்புறம்.

1. மாத்திரைகளைக் கொட்டி எழுதுங்கள் (போட்டிக்கு மூன்று மாதம் முன்பு)

வீட்டில் நீங்கள் சாப்பிடும் எல்லாவற்றையும் மேசையில் கொட்டுங்கள். பிராண்டு பெயரை விட்டுவிட்டு, கீழே சின்ன எழுத்தில் இருக்கும் மூலப்பொருள் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். ஒரே மாத்திரையில் இரண்டு மூன்று மருந்து சேர்ந்திருக்கும், எல்லாவற்றையும் எழுதுங்கள்.

இங்கேயே ஒரு பள்ளம் இருக்கிறது. நம் ஊர் மெடிக்கலில் பத்து மாத்திரை அட்டையைக் கத்தரியால் வெட்டி நாலு கொடுப்பார்கள். பெயர் இருக்கும் பக்கம் கடைக்காரரிடமே தங்கிவிடும். முழு அட்டையாகவே வாங்குங்கள், பில்லோடு.

பிறகு பட்டியலைச் சரிபார்க்க வேண்டும். உலக அளவில் தடைப் பட்டியல் போடுவது வாடா. நம் நாட்டில் அதை நடத்துவது நாடா. (பெயரைக் கேட்டதும் என் வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்துவிட்டுத் தொடருங்கள்.) வாடாவின் பட்டியல் ஒவ்வொரு ஜனவரி 1-ஆம் தேதியும் புதிதாக நடைமுறைக்கு வரும், ஆகவே போன வருடம் பார்த்தது போதாது. நாடாவின் 'நோ யுவர் மெடிசின்' செயலியில் மூலப்பொருள் பெயரைப் போட்டுத் தேடலாம், செலவில்லை.

நம் வயதுக்காரர்களிடம் அதிகம் புழங்குகிறவற்றை மட்டும் சொல்கிறேன்.

பிரஷருக்கு: டெல்மிசார்டன், லோசார்டன், அம்லோடிபின் ஆகியவற்றுக்குத் தடையில்லை. இவற்றோடு ஹைட்ரோகுளோரோதயசைடோ குளோர்தாலிடோனோ சேர்ந்திருந்தால் தடை. ஃப்யூரோசமைடு, ஸ்பைரோனோலாக்டோன் இரண்டும் தடை. அட்டெனலால், மெட்டோபுரோலால் வகை ஓட்டக்காரருக்குப் பிரச்சினையில்லை, ஆனால் துப்பாக்கி சுடுதல், வில்வித்தைக்குப் போகிறவர்களுக்குத் தடை. கை நடுக்கத்தைக் குறைக்கும் என்பதால்.

சர்க்கரைக்கு: மெட்ஃபார்மினும் கிளிமெபிரைடும் சாப்பிடலாம். இன்சுலின் தடைப் பட்டியலில் இருக்கிறது. பயப்பட வேண்டாம், அதற்கு அனுமதி வாங்க வழி இருக்கிறது. மூன்றாவது படியில் சொல்கிறேன்.

நெஞ்சுவலிக்கு: டிரைமெட்டாசிடின். இதய நோயாளிகளுக்குச் சாதாரணமாக எழுதித் தருகிற மாத்திரை இது. முழுத் தடை.

இருமலுக்கு: டெர்பூட்டலின் கலந்த சிரப். சளிக்கு டாக்டரைப் பார்த்தாலும் கடையில் கேட்டாலும் கையில் வருவது இதுவாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. தடை. ஆஸ்துமாக்காரர்கள் உறிஞ்சும் சல்பூட்டமாலுக்கு அளவோடு அனுமதி உண்டு: 24 மணி நேரத்தில் 1600 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது, எந்த 8 மணி நேரத்திலும் 600-ஐத் தாண்டக் கூடாது.

வலிக்கு: பாரசிட்டமால், ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் சரி. டிரமடால் 2024 ஜனவரியிலிருந்து போட்டி நாளில் தடை.

மூட்டு ஊசி: இது தனிக் கதை. முட்டியில் போடும் ஸ்டீராய்டு ஊசிக்கு முன்பு விலக்கு இருந்தது. 2022-லிருந்து எந்த இடத்தில் ஊசியாகப் போட்டாலும் போட்டிக் காலத்தில் தடை. உடம்பை விட்டுப் போக நாள் கணக்கு உண்டு: முட்டியில் போட்ட டிரையாம்சினலோன் என்றால் 10 நாள், அதையே இடுப்புச் சதையில் போட்டிருந்தால் 60 நாள். பிரெட்னிசலோன் மாத்திரைக்கு 3 நாள். ஆகவே ஊசி போட்டுக்கொள்ளும்போதே மருந்தின் பெயர், அளவு, எங்கே போட்டார்கள், என்றைக்கு என்று நாலையும் டாக்டர் கையால் எழுதி வாங்குங்கள். "ஒரு ஊசி போட்டாங்க, சரியாப் போச்சு" என்று பின்னால் சொன்னால் யாரும் கேட்கப் போவதில்லை.

போட்டிக் காலம் என்பது, முந்தின இரவு 11.59-க்குத் தொடங்கி, உங்கள் போட்டியும் அதற்கான சோதனை மாதிரி எடுப்பதும் முடியும்வரை.

கடைசியாக, நம் ஊர்ப் பழக்கம் ஒன்று. அசதியாக இருந்தால் கிளினிக்குக்குப் போய் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றிக்கொள்வது. போட்டிக்கு முந்தின நாள் "தெம்புக்கு" ஏற்றிக்கொண்டு வந்த ஒருவரை எனக்கே தெரியும். பாட்டிலில் வெறும் உப்புத் தண்ணீர்தான் இருந்தாலும் 12 மணி நேரத்தில் 100 மில்லிக்கு மேல் நரம்பு வழியாக ஏற்றுவது தடை. ஆஸ்பத்திரியில் சேர்ந்து எடுக்கும் உண்மையான சிகிச்சை, அறுவை சிகிச்சை, பரிசோதனை இவற்றுக்கு மட்டும் விலக்கு.

2. டாக்டரிடம் போய் மாற்றுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்

அந்த மாநிலப் போட்டியிலிருந்து திரும்பிய கோபத்தில் மாத்திரையை நானாக நிறுத்தினேன். ஐந்தாம் நாள் பிரஷர் 170-க்குப் போய்விட்டது. வீட்டில் எனக்கு விழுந்த திட்டை இங்கே எழுத முடியாது.

டாக்டரிடம் நேராகச் சொல்லுங்கள்: "சார், நான் போட்டியில் ஓடுகிறேன், இந்த மருந்து தடைப் பட்டியலில் இருக்கிறது, மாற்று இருக்கிறதா?" பட்டியலை அச்சடித்துக் கொண்டுபோங்கள். என் டாக்டர் முதலில் சிரித்தார், அப்புறம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். ஹைட்ரோகுளோரோதயசைடுக்குப் பதில் அம்லோடிபின் சேர்த்து எழுதினார். பிரஷர் நிலைக்கு வர ஆறு வாரம், நடுவில் இரண்டு தடவை அளவு மாற்றம். மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள் என்று சொல்வது இதற்காகத்தான்.

3. மாற்று இல்லையென்றால் மருத்துவ விலக்கு

இன்சுலின் போல மாற்ற முடியாத மருந்து என்றால் நாடாவிடம் சிகிச்சைக்கான விலக்கு கேட்கலாம். படிவத்தில் பாதி நீங்கள், பாதி டாக்டர். கூட வைக்க வேண்டியவை: நோய் எப்போது கண்டுபிடிக்கப்பட்டது என்பதற்கான ரிப்போர்ட், சமீபத்திய பரிசோதனை முடிவுகள், மருந்தின் அளவு, எத்தனை நாளைக்கு, தடையில்லாத மருந்து ஏன் ஒத்துவரவில்லை என்ற டாக்டர் குறிப்பு. "இவர் என் நோயாளி, இன்சுலின் எடுக்கிறார்" என்ற ஒற்றை வரிக் கடிதம் திரும்பி வந்துவிடும்.

போட்டிக்கு 30 நாள் முன்பாவது அனுப்புங்கள். காகிதம் முழுமையாக இருந்தால் 21 நாளுக்குள் முடிவு சொல்வது வழக்கம். குறை இருந்தால் குறை தீர்ந்த நாளிலிருந்துதான் கணக்கு ஓடும். நம்மைப் போலப் பொழுதுபோக்காகப் போட்டிக்குப் போகிறவர்களுக்கு, மாதிரி எடுத்த பிறகு விலக்கு கேட்கவும் விதியில் இடமுண்டு. அதை நம்பி இருக்காதீர்கள். வெளிநாட்டுப் போட்டி என்றால் யாரிடம் விண்ணப்பிக்க வேண்டும் என்பது அந்தப் போட்டியின் அறிவிப்பில் இருக்கும்.

4. பிறந்த தேதியை ஒன்றாக்குங்கள்

மூத்தோர் தடகளம் 35 வயதில் தொடங்கி ஐந்தைந்து வருடப் பிரிவாகப் போகிறது. போட்டியின் முதல் நாளன்று உங்களுக்கு என்ன வயதோ அதுதான் பிரிவு. ஆகவே தேதிதான் எல்லாமே.

நம் தலைமுறையில் பாதிப் பேர் ஜூன் மாதம் பிறந்தவர்கள்! பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட தேதி. எனக்கு டிசியில் ஜூன், ஜாதகத்தில் தை, ஆதாரில் வெறும் வருடம் மட்டும். ஆதாரைப் பிறந்த தேதிக்கான சான்றாக எடுக்க மாட்டோம் என்று சொல்லும் இடங்கள் கூடிவிட்டன. பிறப்புச் சான்றிதழ், பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்று, பாஸ்போர்ட், இந்த மூன்றில் ஒன்றை அடிப்படையாக வைத்துக்கொண்டு மற்றவற்றை அதற்கு ஒத்துப்போகச் செய்யுங்கள். ஆதாரில் பிறந்த தேதியை ஒரு தடவைதான் மாற்ற விடுவார்கள், தப்பான காகிதத்தை வைத்து அந்த வாய்ப்பை வீணாக்காதீர்கள். கட்டணம் நூறு ரூபாய்க்குள்தான்.

பிறப்பே பதிவாகவில்லை என்றால் கோட்டாட்சியர் அலுவலகம் வழியாகத் தாமதப் பதிவு. இதற்கு மாதக்கணக்கில் ஆகும். ஒரு அலுவலகத்தில் என்னை நாலு தடவை அலையவிட்டார்கள், நாலாவது தடவைதான் இணைக்க வேண்டிய காகிதங்களின் முழுப் பட்டியலையே சொன்னார்கள். முதல் நாளே அதை எழுதிக் கேளுங்கள்.

வெளிநாட்டு ஆசை இருந்தால் பாஸ்போர்ட்டையும் இப்போதே எடுத்துவிடுங்கள். தஞ்சாவூரிலேயே சேவை மையம் இருக்கிறது. சாதாரண 36 பக்கப் புத்தகத்துக்கு 1500 ரூபாய், தட்கல் என்றால் மேலே 2000.

5. இதயத்தைக் காட்டிவிட்டு வாருங்கள்

இசிஜி, எக்கோ, டிஎம்டி (ஓடும் பட்டையில் நடக்கவிட்டு எடுக்கும் இசிஜி), ரத்தப் பரிசோதனை. தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ரோட்டில் ஒரே காலையில் முடித்துவிட்டேன், நாலாயிரத்துச் சொச்சம் ஆனது. வெறும் இசிஜியோடு நிறுத்தாதீர்கள். அது படுத்திருக்கும் இதயத்தைத்தான் காட்டும். போட்டிக்குக் கேட்கும் உடல்தகுதிச் சான்று எத்தனை நாளுக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும் என்று அறிவிப்பில் பார்த்துக்கொண்டு அப்புறம் கையெழுத்து வாங்குங்கள். நான் சீக்கிரமே வாங்கி, செல்லாது என்று சொல்லி, இரண்டாவது தடவை காசு கொடுத்தேன்.

6. யார் நடத்தும் போட்டி என்று பாருங்கள்

'மாஸ்டர்ஸ்' என்ற பெயரில் பல அமைப்புகள் போட்டி நடத்துகின்றன. எல்லாமே 'தேசிய' போட்டிதான், எல்லாவற்றிலும் பதக்கம் பளபளக்கும். உலக மூத்தோர் தடகளப் போட்டிக்குப் போக வேண்டும் என்றால், அந்த உலக அமைப்பின் இணையதளத்தில் நாடுவாரியாக உறுப்பு அமைப்புகளின் பட்டியல் இருக்கிறது. அதில் இந்தியாவுக்கு எந்தப் பெயர் இருக்கிறதோ அதன் வழியாகத்தான் போக முடியும். நுழைவுக் கட்டணத்தைத் தனியார் செல்போன் எண்ணுக்கு அனுப்பச் சொன்னால் ரசீது எந்தப் பெயரில் வரும் என்று முதலில் கேளுங்கள்.

எறிகிறவர்களுக்கு ஒன்று: வயதுக்கு வயது எடை மாறும். ஆண்கள் குண்டு 49 வரை 7.26 கிலோ, 50 முதல் 59 வரை 6 கிலோ, 60-களில் 5 கிலோ. பழைய காலேஜ் குண்டை வைத்துப் பழகிவிட்டு வந்து களத்தில் விழிக்காதீர்கள். ஓட்டக்காரர்களுக்கு: குனிந்து புறப்பட வேண்டும் என்ற கட்டாயம் நமக்கு இல்லை, நின்றபடியே புறப்படலாம். முதுகுவலிக்காரர்கள் இதைக் கேட்டதும் முகம் மலர்ந்ததைப் பார்த்திருக்கிறேன்.

7. பயிற்சியை ஆற்றுத் தண்ணீரோடு சேர்த்து வகுங்கள்

எனக்குக் கடையில் கூட்டம் குறைவது சித்திரை, வைகாசி. வெயில் கொல்லும் மாதமும் அதுதான். ஐந்து மணிக்கு ஓடி ஆறரைக்குள் முடித்துவிடுவேன். ஜூன் 12 வாக்கில் மேட்டூர் திறந்து தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர்ந்தால் குறுவைக்காரர்கள் கடை வாசலில் நிற்பார்கள். அப்போது வாரம் மூன்று நாள் கிடைத்தால் பெரிது. ஐப்பசி, கார்த்திகையில் பாமணி ஆற்றங்கரை முழுக்கச் சேறு. ஹரித்ராநதி தெப்பக்குளத்தைச் சுற்றித்தான் ஓட்டம், நடைப்பயிற்சிக்காரர்கள் முறைப்பார்கள். அறுவடைக் காலத்தில் ரோட்டில் நெல் காயும். வரப்போரம் விரியன் இருக்கும். டார்ச் இல்லாமல் இறங்காதீர்கள்.

வயதானவனுக்கு வித்தியாசம் ஓடும் நாளில் இல்லை, ஓடாத நாளில்தான் இருக்கிறது. கல்லூரியில் வாரம் நாலு நாள் கடுமையாக ஓடினேன். இப்போது இரண்டே நாள்: ஒன்று 200 மீட்டர் எட்டு தடவை, இன்னொன்று 600 மீட்டர் மூன்று தடவை. நடுவில் குறைந்தது இரண்டு நாள் மெதுவோட்டம் அல்லது ஓய்வு. மூன்றாவது கடும் நாளைச் சேர்த்த இரண்டு தடவையும் குதிகால் நரம்பு வீங்கிப் படுத்தேன். அந்த மாதிரி நேரத்தில்தான் "ஒரு ஊசி போட்டுக்கிட்டா ஓடிடலாம்" என்ற ஆசை வருகிறது. ஊசி வேண்டியிருக்காத அளவுக்கு ஓடுவது என்பதே என் திட்டம்.

எடைப் பயிற்சி வாரம் இரண்டு நாள். ஜிம் தேவையில்லை. எனக்குக் கடை மூட்டைதான். 45 கிலோ யூரியா மூட்டையை இப்போதெல்லாம் லோடுமேனை எதிர்பார்க்காமல் நானே ஏற்றுகிறேன். படியில் நின்று குதிகாலை ஒற்றைக் காலில் ஏற்றி இறக்குவது, ஒரு காலுக்குப் பதினைந்து. இதை மட்டும் விடாதீர்கள்.

போட்டிக்கு முந்தின மாதம் ஓரிரு தடவை சிந்தெடிக் டிராக்கில் ஓடிப் பாருங்கள். நான் திருச்சி அண்ணா விளையாட்டரங்கத்துக்குப் போய்வருவேன். மண்ணில் பழகிய கெண்டைக்காலுக்கு முதல் நாள் அது அந்நியமாக இருக்கும். ஸ்பைக்ஸ் ஆணி எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்டுப் போடுங்கள், பெரும்பாலும் 6.

8. டப்பாவைவிடச் சாப்பாடு

வயதானவர்களுக்குப் புரதம் கொஞ்சம் கூடுதலாகவே வேண்டும். கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் என்று வைத்தால், 67 கிலோ எனக்கு 80-லிருந்து 107 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம்தான். அதனால் காலையில் இரண்டு முட்டை, சாயங்காலம் ஒரு கைப்பிடி வேர்க்கடலை, மதியம் மீன், இரவு பயறு என்று பிரித்துக்கொண்டேன். விரால் கிடைத்த நாளில் கணக்குப் பார்ப்பதில்லை.

கிரியாட்டினுக்குத் தடையில்லை, காபிக்கும் இல்லை. கும்பகோணத்துக்காரர்கள் நிம்மதியாக இருக்கலாம்.

பிரச்சினை, சத்துப் பவுடர் டப்பாவுக்குள் லேபிளில் எழுதாத பொருள் இருந்தால்தான். உங்கள் உடம்பில் கண்டால் நீங்கள்தான் பொறுப்பு. 'தெரியாது' என்றால் தண்டனை குறையலாம், குற்றம் போகாது. பேர் இல்லாத புரதப் பவுடர், 'இளமை திரும்பும்' கேப்சூல், சந்தையில் விற்கும் மூட்டுவலிப் பொடி, மூன்றையும் தொடாதீர்கள். இரண்டே நாளில் முட்டிவலி பறந்துபோகும் பொடி என்றால் உள்ளே ஸ்டீராய்டு இருக்கிறதா என்று சந்தேகப்படுங்கள்.

9. செலவும் டிக்கெட்டும்

ஒரு வருடத்தில் எனக்கு ஆனது: பரிசோதனைகள், சான்றுகள் ஐயாயிரம், ஷூ, ஸ்பைக்ஸ் ஏழாயிரம், மாவட்டம், மாநிலம், தேசியம் மூன்றுக்கும் நுழைவுக் கட்டணம் நாலாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு, வெளிமாநிலப் பயணம், தங்கல் பன்னிரண்டாயிரம். கடையை மூடிய நாட்களின் நஷ்டத்தை என் மனைவிதான் கணக்கு வைத்திருக்கிறாள், அதைக் கேட்கத் தைரியமில்லை.

ரயிலில் முதியோர் சலுகை உண்டு என்று இன்னும் பலர் நம்பி வருகிறார்கள். 2020 மார்ச்சில் நிறுத்தியது, திரும்ப வரவில்லை. கீழ் பெர்த் மட்டும் 60 வயது ஆண்களுக்கும் 45 வயதுப் பெண்களுக்கும் முன்னுரிமையில் கிடைக்கும். முன்பதிவு 60 நாள் முன்னால் திறக்கும், போட்டித் தேதி உறுதியான அன்றே போடுங்கள்.

10. மாதிரி கேட்டால்

மாவட்டப் போட்டியில் நான் சோதனை பார்த்ததில்லை. மேலே போகப் போக எப்போது வேண்டுமானாலும் வரலாம். அதிகாரி அடையாள அட்டையைக் காட்டிக் கையெழுத்து வாங்குவார், அதிலிருந்து உங்கள் கூடவே ஒருவர் இருப்பார். மறுத்துவிட்டுப் போனால் அதுவே விதிமீறல். முத்திரையிட்ட பாட்டில்களில் ஒன்றை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். குறைந்தது 90 மில்லி சிறுநீர் வேண்டும், அதை ஏ, பி என்று இரண்டு பாட்டிலில் பிரித்து உங்கள் கண் முன்னால் மூடுவார்கள். வராவிட்டால் காத்திருக்கலாம். ஆனால் லிட்டர் லிட்டராகத் தண்ணீர் குடிக்காதீர்கள், ரொம்ப நீர்த்துப்போனால் மறுபடி கொடுக்கச் சொல்வார்கள்.

படிவத்தில் கடந்த 7 நாளில் சாப்பிட்ட மருந்து, சத்துப் பொருள் எல்லாவற்றையும் எழுதச் சொல்வார்கள். ஓடி முடித்த மூச்சிரைப்பில் எதுவும் ஞாபகம் வராது. அதற்காகப் போட்டிப் பைக்குள் பிளாஸ்டிக் கவர் ஒன்று வைத்திருக்கிறேன்: டாக்டர் சீட்டு நகல், மெடிக்கல் பில், சான்றுகள், ஒவ்வொரு மாத்திரையின் காலி அட்டை. வெட்டாத அட்டை.